பெட்டைவழிச் சீக்கு

கழுத்தின் முன்புறத்தில், மூச்சுக்குழலின் இரு மருங்கிலும், தைராய்டு என்னும் சுரப்பி அமைந்துள்ளது. நாளமில்லாச் சுரப்பிகளுள் ஒன்றாகிய இது, தான் சுரப்பதை எந்தக் குழாயின் வழியாகவும் அனுப்பாமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. உடலின் சூடு, மயிரின் வளர்ச்சி, சுறுசுறுப்பு, பெட்டையாயின் சினைப்பிடிப்பு ஆகிய யாவும் இச்சுரப்பைச் சார்ந்தே நிற்கின்றன. சுரப்பு குன்றிய நாய் குறைவாக உண்டும் கொழுக்கும். அதன் விலாவிலும் வாலிலும் மயிர் உதிரும். குளிர் தாங்காமல் அது நெருப்பை நாடிப் படுக்கும். இந்நோய் பெரும்பாலும் நடுவயதைக் கடந்த நாய்களையே பற்றும்.

மேற்கூறியவற்றை நான் எவரிடமும் கேட்டறியவில்லை, படித்தறிந்தேன். இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் கொடைக்கானலுக்கு வந்தபோது எனக்கு என் பெயரை எழுத மட்டுமே தெரியும். பின்னர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, தலையில் நரை கண்ட வயதில், தனித்தேர்வனாகப் பத்தாம் வகுப்புத் தேறினேன். அதன்பின் மருந்தகத்து நூல்களை அகராதியின் துணையோடு ஒவ்வொன்றாகப் படித்தேன். பிச்சையாவுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு விடை எண்பத்திரண்டாம் ஆண்டில் கிடைத்தது என்று அப்போது நான் கருதினேன்.

என் அண்ணன் நல்லையா மரம் சாய்ந்து இறந்தவர். அவருடைய மனைவி சின்னத்தாய், வாட்டில் மரக்காட்டை ஒட்டிய எங்கள் லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளுள் ஒன்றில், தனியே வாழ்ந்தார். அவருடைய நாய் செம்பிக்கு மேற்கூறிய குறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. நாய் அவருடையது என்றேன். அது முழுவதும் சரியன்று. செம்பி வாரத்துக்கு விடப்பட்ட நாய்.

வாரம் என்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய வழக்கம். உடையவர் கன்றை ஏழை வீட்டில் விடுவார். வளர்ப்பவர் தீனி போடுவார். ஈற்றை இருவரும் பங்கிட்டுக்கொள்வர். நாயை வாரத்துக்கு விட்டவர் இம்மலையில் தண்டாயுதபாணி முதலாளி ஒருவரே. அவருக்குப் பழநி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடையும், கொடைக்கானலில் ஒரு பங்களாவும் உண்டு. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் பங்களாவை விற்றபோது, டியூக் என்னும் கடுவனையும் லில்லி என்னும் பெட்டையையும் அவரிடம் விட்டுச் சென்றார். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை; நீண்ட காதும் தேன் நிற மயிரும் உடைய ஸ்பானியல் சாதி நாய்கள். கோடையில் மலைக்கு வரும் கார்க்காரர்கள் அவற்றின் குட்டிகளைக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

லில்லியை இளம் வயதிலேயே சிறுத்தை கொண்டுபோயிற்று. அதற்கு முன் அது ஈன்ற மூன்று பெட்டைக் குட்டிகளை முதலாளி மூன்று வீடுகளில் வாரத்துக்கு விட்டார். ஒன்று கூக்காலில் மூக்கம்மாவிடம். ஒன்று அடுக்கத்தில் வீரையாவிடம். ஒன்று எங்கள் மதினியிடம். கடுவன் மட்டும் பங்களாவிலேயே இருந்தது. பெட்டை பருவத்துக்கு வரும்போதெல்லாம் ஓட்டுநர் பொன்னுவேல் ஜீப்பில் வந்து அதைப் பங்களாவுக்கு ஏற்றிச் செல்வான். பெற்ற மகளைத் தகப்பனிடமே விடுகிறோம் என்று முதலாளிக்குத் தெரியும். தேன் நிறம் மாறிவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

வாரத்தின் விதி பின்வருமாறு. முதல் ஈற்று முழுவதும் உடையவருக்கு, அடுத்தவற்றில் பாதிப்பாதி, அவற்றுள் ஒரு பெட்டைக்குட்டி வளர்த்தவருக்கே நிலைக்கும். ஆனால் வளர்த்தவரின் குறையால் தாய் கெட்டுப்போனால் வாரம் அற்றுவிடும். நிலைத்த குட்டியையும் உடையவர் ஏற்றிச் செல்வார். மதினிக்கு அவ்வாறு நிலைத்த குட்டி முத்து. மூன்று வயது நிரம்பிய, குறையொன்றும் இல்லாத பெட்டை. குட்டிப் பங்கு வரத் தொடங்கிய பிறகுதான் மதினி தோல் பதனிட உதவும் வாட்டில் பட்டையை உரிக்கக் காடு ஏறுவதை நிறுத்தியிருந்தார். செம்பி இரண்டு ஆண்டுகளாக ஈனவில்லை. இனி அவருடைய பிழைப்பு முத்துவின் வயிற்றில்தான் இருந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் முதலாளி லயத்துக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். செம்பி அடுப்படியில், சாம்பலில் மூக்கு புதைய, அசையாமல் கிடந்தது. வால் எலிவாலாக இளைத்து, விலாவில் தோல் கறுத்துத் தெரிந்தது.

“என்ன சின்னத்தாயி, நாயா இது? நனைஞ்ச சாக்கு மாதிரி கெடக்கு.”

“வயசாகுதுல்லங்க, முதலாளி.”

“ஏழு வருசம் ஒரு வயசா? இதுக்கு அப்பன் டியூக்கு. அவன் மேல கை வச்சா வழுக்குது. என்ன தீனி போடுற?”

“நாங்க தின்னுறதுதாங்க. ரொட்டி, சோறு, கருவாட்டுத் தலை. குளிருக்கு ஒரு வாய் தேத்தண்ணி.”

முதலாளி திரும்பிப் பொன்னுவேலைப் பார்த்தார். “கேட்டியாடா, நாய்க்கு டீயாம். வடை எதும் உண்டான்னு கேளு.”

“சிலோன்காரங்க வீட்டுல பிள்ளை பொறந்தாலே சங்குல தேத்தண்ணிதான ஊத்துவாங்க, முதலாளி,” என்றான் பொன்னுவேல். “நாய்க்கு மட்டும் பால் வாங்குவாங்களா?”

“எங்க தோட்டத்துல எல்லா நாயும் தேத்தண்ணி குடிச்சதுதாங்க,” என்றார் மதினி. “ஒண்ணுக்கும் மயிர் கொட்டல.”

“அது தோட்டத்து நாய். இது சாதி நாய். நீ ஊத்தின டீயிலதான் இது சூடேறி, மயிரு கொட்டி, மலடாப் போச்சு.” முதலாளி முத்துவைக் கூப்பிட்டு அதன் காதைத் தடவினார். “தைப்பூசம் முடியற மட்டும் எனக்குக் கடையை விட்டு நகர முடியாது. பூசம் முடிஞ்சு வாரேன். அதுக்குள்ள இது தெளிஞ்சிருந்தா சரி. இல்லேன்னா வாரம் அந்துபோச்சு. முத்துவை ஏத்திருவேன்.”

நான் இடைமறித்தேன். “முதலாளி, இது தீனிக் கோளாறு இல்லீங்க. சுரப்பிக் கோளாறா இருக்கும்.”

“ஓகோ,” என்றார் அவர். “பத்தாவது பாஸுல்ல நீ. மறந்தே போனேன்.”

ஜீப் சென்ற பிறகு மதினி செம்பியின் கொட்டாங்கச்சியைக் கழுவிக் கவிழ்த்தார். பின்னர், “நாளையிலேருந்து தேத்தண்ணி குடுக்கல, தம்பி,” என்றார்.

மறுநாள் செம்பியை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் மருத்துவர் ஞானவேல் வயதில் இளையவர், நேர்மையானவர். நாயின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாடியை எண்ணினார், கண்ணுக்கு மேல் தொங்கிய தோலைத் தூக்கிப் பார்த்தார். இரத்தத்தில் சுரப்பின் அளவைக் கண்டறியும் வசதி அக்காலத்தில் எங்களுக்கு எட்டியதன்று. எனவே அவர் மனிதருக்கு விற்கப்படும் தைராய்டு மாத்திரையை எழுதித் தந்தார்.

“நீங்க நெனைச்சதுதான், பிச்சையா. மாத்திரைக்குக் கேட்டுச்சுன்னா நோய் இதுதான்னு வச்சுக்கலாம். கேக்கறதுக்கு மாசக்கணக்குல ஆகும். ஆனா ஒண்ணு. டீயை நிறுத்தினதும் நாய் தெளிஞ்சிருச்சுன்னு முதலாளி சொன்னா என்ன பண்ணுவீங்க?”

இவ்வினா என்னை இரவெல்லாம் ஆட்டியது என்று சொல்வது மிகையாகும். மருந்தகப் படியிறங்குவதற்குள் அதற்கு விடை கண்டேன். ஆய்வின் முதல் விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல். ஆகவே மதினியிடம், தேயிலைத் தண்ணீரை நிறுத்தக் கூடாது, முன்பு கொடுத்த அளவே நாள்தோறும் கொடுத்துவர வேண்டும் என்றேன்.

“என்னய்யா இது,” என்றார் மதினி. “அதக் குடுத்ததுக்குத்தான் வைறாரு. இன்னும் குடுங்குற?”

“குடுத்துக்கிட்டே இருந்து நாய் தெளிஞ்சாத்தான், மதினி, தேத்தண்ணி மேல பழி இல்லன்னு ஆகும்.”

“தெளியலேன்னா?”

எனினும் மதினி நான் சொன்னபடியே செய்தார். மாத்திரையை ரொட்டிக்குள் பொதிந்து கொடுப்பார். பின்பு கொட்டாங்கச்சியில் தேயிலைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று வாசலை ஒருமுறை பார்ப்பார்.

அத்துடன் நான் நிற்கவில்லை. ஒரு நாயைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. செம்பியின் உடன்பிறந்தவை இரண்டு வேறு வேறு ஊர்களில் வளர்வதை எண்ணியபோது, முதலாளி தம்மை அறியாமலே ஒரு சோதனைச்சாலையை அமைத்து வைத்திருப்பது எனக்குப் புலப்பட்டது.

கூக்காலுக்குப் பூண்டு ஏற்றப் போன லாரியில் சென்றேன். மூக்கம்மா தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தார். நாய் எங்கே என்று கேட்டதற்குக் கையை மட்டும் நீட்டினார். அது விறகடுப்பின் வாயில் கிடந்தது. வாலில் மயிர் இல்லை.

“இதுக்குத் தேத்தண்ணி எதும் குடுத்தீங்களா?”

“நல்லாக் கேட்ட போ. எங்க வீட்டுக்காரரே டீக்குக் கடைக்குத்தான் போறாரு. இது மோருஞ் சோறும் தின்னு வளந்தது.”

“முதலாளி வந்து பாத்தாரா?”

“பாத்தாரே. ஏரித் தண்ணி கேடுன்னாரு. தண்ணியக் காய்ச்சி ஊத்தாததுக்கு நான் குத்தவாளியாம். ஏன் சாமி, ஊரே அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. எங்க எல்லாருக்குமா மயிரு கொட்டிப்போச்சு?” என்று சொல்லித் தம் கொண்டையைத் தட்டிக் காட்டினார்.

அடுக்கம், பெரியகுளம் பக்கத்துச் சரிவில், எங்களைவிடப் பன்மடங்கு தாழ்ந்து, வெப்பமாக உள்ள ஊர். வீரையா எனக்கு நெடுநாள் பழக்கமானவர்.

“ஏலே பிச்சையா, மாட்டு டாக்டரு வேலைய விட்டுட்டு இங்க என்ன சோலி?”

“உன் நாயைப் பாக்க வந்தேன்.”

“அந்தா கெடக்கு பாரு, வெயில்ல. இந்த வெக்கையில எந்த நாயாச்சும் வெயிலத் தேடிப் படுக்குமா? முதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? இது குளிர் தேசத்து நாய், அடுக்கத்துச் சூடு தாங்கலன்னுட்டாரு. நான் நிழல்ல கட்டலையாம். நிழல்ல கட்டினா கத்துதுலே, வெயிலுக்குப் போகணும்னு. சொன்னாக் கேக்கணுமே. என் பங்குக் குட்டிய அப்பவே தூக்கிட்டுப் போயி வித்துட்டாரு.”

இவ்வாறு ஒரு வீட்டில் தேயிலைத் தண்ணீர், ஒரு வீட்டில் ஏரித் தண்ணீர், ஒரு வீட்டில் வெயில் என்று மூன்று பழிகள் இருந்தன. தீனி வேறு, நீர் வேறு, தட்பவெப்பம் வேறு. வேறுபடுபவை யாவும் வேறுபட்டும் நோய் ஒன்றாகவே இருப்பின், காரணம் அவற்றுள் ஒன்றுபட்டதிலேயே இருத்தல் வேண்டும். மூன்று நாய்களுக்கும் பொதுவானவை தாயும் தந்தையுமே. அவ்விருவரும் தமக்குள் உடன்பிறந்தோர்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். நோயைத் தரும் பண்பு பிறப்பிலேயே உடலில் உள்ளது. ஆனால் வெளிப்படுவது ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின். இளமையில் கொல்லும் நோயாயின், அதை உடைய விலங்கு குட்டி ஈனுமுன்னரே அழியும், வழியும் அறும். பிந்தி வரும் நோய் அவ்வாறன்று. ஈற்றுகளெல்லாம் முடிந்து, குட்டிகளெல்லாம் விலைபோன பின்னரே அது தலைகாட்டும். அதற்குள் பண்பு அடுத்த தலைமுறையின் உடலில் குடியேறியிருக்கும். இதனை நான் கூக்காலுக்கும் அடுக்கத்துக்கும் போய்க் கண்டேன். கண்டபோது, எனக்கும் மதினிக்கும் வெற்றி உறுதி என்று மகிழ்ந்தேன்.

மார்கழிப் பனியில் செம்பி ஒருநாள் அடுப்படியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தது. தை பிறப்பதற்குள் விலாவில் பூனைமயிர் போல் மென்மயிர் அரும்பியது. பால்காரரைக் கண்டு அது குரைத்தபோது மதினி வெளியே ஓடிவந்து, குரைத்தது செம்பிதானா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருமுறை கேட்டார். தேயிலைத் தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை.

மாசியில் முதலாளி பங்களாவுக்கு வந்தார். நானும் மதினியும் செம்பியோடு அங்கே சென்றோம், மருத்துவரும் வந்திருந்தார். கூடத்தில் கணப்பு எரிந்தது. டியூக் அதன் முன் கிடந்தது. நெருப்புக்கு மிக அண்மையில் கிடந்ததால் அதன் காது நுனி மயிர் பொசுங்கிச் சுருண்டிருந்தது. செம்பியை முதலாளி நெடுநேரம் பார்த்தார். மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

“நெசமாவே டீ குடுத்துக்கிட்டா இருந்த?”

“சாமி சத்தியமாக் குடுத்தேங்க. நாளைக்கு ரெண்டு வேளை.”

பின்னர் நான் பேசினேன். மூன்று வீடுகளைப் பற்றியும், சுரப்பியைப் பற்றியும், பண்பு வழிவழியாக இறங்குவதைப் பற்றியும் ஒழுங்காக எடுத்துரைத்தேன். என் வாழ்நாளில் எவரும் என்னை அவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்டதில்லை. முடித்தபோது முதலாளி மருத்துவரைப் பார்த்தார்.

“இவன் சொல்றது சரிதானா, டாக்டர் தம்பி?”

“சரிதான் சார். வளத்தவங்க மேல தப்பில்ல. இது பரம்பரையா வர்றது.”

“அப்பச் சரி.” முதலாளி மதினியின் பக்கம் திரும்பினார். “தப்பா நெனைச்சுட்டேன், சின்னத்தாயி. மனசுல வச்சுக்காத. வாரம் அறல. முத்து உனக்குத்தான். நான் கேக்க மாட்டேன்.”

மதினி கைகூப்பினார். நான் நிமிர்ந்து நின்றேன். அந்த ஒரு கணத்தை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. ஏனெனில் அது ஒரு கணமே நீடித்தது.

“ஆனா ஒண்ணு,” என்றார் முதலாளி. “பரம்பரைச் சீக்குன்னு தெரிஞ்ச பெறகு அந்தப் பெட்டைகளுக்கு டியூக்கை விட முடியாது. முத்துவுக்கும் வருமில்ல, டாக்டர் தம்பி?”

“வரலாம் சார். அதை இனத்துக்கு விடாம இருக்கறது நல்லதுதான்.”

நான் பதறினேன். “முதலாளி, பெட்டைக்கு மட்டுமில்லீங்க. இதுகளுக்கெல்லாம் அப்பன் டியூக்கு. அப்பனும் ஆத்தாளும் ஒரே ஈத்து. தனக்குச் சீக்கு வெளிய தெரியாமலே ஒரு நாய் அதைக் குட்டிக்குக் குடுக்கலாம்னு புத்தகத்துலயே இருக்குங்க. அதுவும் போக, டியூக்கு இப்ப நெருப்ப ஒட்டிப் படுத்திருக்கறதைப் பாருங்க.”

“ராசா கணப்புல படுக்காம எங்கய்யா படுப்பான்?” அவர் சிரித்தார். “மூணு வீட்டுலயும் சீக்கு பட்டது யாரு? பெட்டை. கடுவனுக்கு வந்துச்சா? வரல. ஊரு ஊராப் போயி நீயே நிரூபிச்சுட்டு வந்திருக்க, பிச்சையா. இது பெட்டைவழிச் சீக்கு. அந்த லில்லி வயித்துலேருந்து எறங்கினது.”

கடுவன் குட்டிகள் எல்லாம் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கார்களில் ஏறிப் போய்விட்டன. அவற்றுக்கு ஏழு வயதில் என்ன ஆயிற்று என்று பார்க்க இங்கே எவரும் இல்லை. வாரத்துக்கு விடப்பட்டவை பெட்டைகள் மட்டுமே ஆதலால் நம் கண்ணில் பட்டவையும் பெட்டைகளே. இதை நான் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பொன்னுவேலிடம் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தார். மருத்துவர் என் தோளைத் தொட்டு, “அதுவும் சரிதான், பிச்சையா,” என்று மெல்லச் சொன்னார். என் காதுக்கு மட்டும் சொன்னார்.

பங்குனியில் முத்து பருவத்துக்கு வந்தது. ஜீப் வரவில்லை. மதினி அதைக் கட்டி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நீ படிச்சவன். நெசத்தச் சொல்லு. முத்து குட்டிக்கும் வருமா?”

“அதே வழியில சேத்தா வர வாய்ப்பு அதிகம், மதினி. தெரு நாய்க்கு விட்டா ரொம்பக் குறையும்.”

“தெரு நாய்க்குட்டிய யாருய்யா வாங்குவா?”

விலைபோகும் குட்டிக்கு நோய் உண்டு. நோயில்லாத குட்டிக்கு விலை இல்லை. இதை அவரே அறிந்திருந்தார்.

“பெங்களூருப் பக்கம் யாரும் கடுவன் வச்சிருந்தா...” என்று தொடங்கினேன்.

“யாரு கொண்டுபோவா? கொண்டுபோனாலும் வித்துருவேனா? பங்களாக்காரங்க, ஓட்டல்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, லயத்து நாய் சீக்கு நாயின்னு. பொய்யும் இல்லயே. நீயே சொன்னதுதான.” அவர் சற்று நேரம் தம் கைகளைப் பார்த்தார். “தேத்தண்ணியாவே இருந்திருக்கலாம், தம்பி. நிறுத்தியிருப்பேன்.”

“தேத்தண்ணின்னா முத்து போயிருக்கும், மதினி.”

“இப்ப மட்டும் முத்து என்ன பண்ணப்போகுது?”

என் விளக்கத்தில் பிழை இருக்கவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சித்திரை பிறந்ததும் மதினி மீண்டும் பட்டை உரிக்கக் காட்டுக்குப் போனார்.

அம்மாதத்தில் பொன்னுவேல் மருந்தகத்துக்கு வந்தான். செம்பிக்கு எழுதிய அதே மாத்திரையைக் கேட்டான்.

“யாருக்கு?” என்றேன்.

“கேக்காத அண்ணே. டியூக்குக்குத்தான். வாலுல கொஞ்சம் மயிரு கழியுது. மே மாசம் நாய்க் கண்காட்சி இருக்குல்ல, அதுக்குள்ள மினுமினுன்னு ஆயிரணும்னாரு. செம்பிக்குக் கேட்டுச்சுல்ல, இதுக்கும் கேக்கும்னாரு. நீ நல்ல மருந்துதான் கண்டுபிடிச்சிருக்கன்னு பாராட்டினாரு.”

“அப்ப டியூக்குக்கும் அதே சீக்குதான்னு அவருக்குத் தெரியுமா?”

“சீக்கு என்ன சீக்கு. வயசுன்னாரு.”

மருத்துவர் எழுதித் தந்தார். நோயுற்ற விலங்குக்கு மருந்தை மறுத்தல் அறமன்று என்றார், அதுவும் சரியே. மாத்திரை சுரப்பின் குறையை ஈடுசெய்யும், பண்பை மாற்றாது. மயிர் மீளும், விந்தில் உள்ளது உள்ளபடியே இறங்கும். இவை இரண்டும் நூலின் ஒரே பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ளன. முதலாளி அதில் தமக்கு வேண்டிய பாதியைப் பெற்றுக்கொண்டார்.

கண்காட்சியில் டியூக் சிவப்பு நாடா பெற்றது. மயிர் வெயிலில் பட்டுப்போல் மின்னியது. பெங்களூரிலிருந்து வாங்கிவந்த புதுப் பெட்டைக்கு அதனிடம் குட்டிகள் பிறந்திருந்தன. தாய் புதியது, தந்தை நாடா பெற்றது என்பதால், அவற்றைக் கண் திறக்குமுன்பே சொல்லிவைத்து வாங்கினர். அக்குட்டிகளுக்கு மூப்பு வருகையில் அவை எந்த ஊரில் எந்த அடுப்படியில் கிடக்கும் என்று முதலாளி அறிய வேண்டிய தேவை இல்லை. வாங்கியவர்கள், தாங்கள் கொடுத்த தீனியில் குறை என்று எண்ணிக்கொள்வார்கள்.

சீசன் முடியும் தறுவாயில் ஒரு மாலை, மதினி காட்டிலிருந்து இறங்கி வந்தபோது நானும் உடன் நடந்து வந்தேன். பட்டைச் சாறு பட்டு அவருடைய விரல்கள் கறுத்திருந்தன. முத்து முன்னால் ஓடியது. எங்களைக் கடந்து சென்ற கோயம்புத்தூர்க் கார் ஒன்று சற்றுத் தள்ளி நின்றது. ஒரு பெண்மணி கண்ணாடியை இறக்கினார்.

“ஏங்க, இது உங்க நாயிங்களா? எவ்வளவு அழகா இருக்கு. குட்டி போடுமுங்களா? இப்பவே சொல்லிவச்சாக் குடுப்பீங்களா?”

லயத்து நாயைப் பற்றி இம்மலையில் பேசப்படுவது எதையும் அறியாதவர் அவர். ஒரு சொல் போதும். ஆம் என்று சொன்னால் கைமேல் முன்பணம் வந்திருக்கும். டியூக் இல்லாவிட்டால் வேறொரு கடுவனை நாங்கள் எங்கிருந்தாவது தேடியிருப்போம். முத்துவின் குட்டிக்கு நோய் வருவதாயினும் அதற்குப் பல ஆண்டுகள் இருந்தன.

மதினி முத்துவின் கழுத்தைப் பிடித்துத் தம் காலோடு சேர்த்துக்கொண்டார்.

“வேணாம்மா. இது சீக்கு வம்சம்மா. பெட்டைவழியா வர்றது. வயசானா மயிரெல்லாம் கொட்டிப்போயிரும். காசு குடுத்து வாங்கிட்டு நீங்க மனசு கஷ்டப்படக் கூடாது.”

“அய்யோ பாவம். பாத்தாத் தெரியலீங்களே.”

“பாத்தாத் தெரியாதும்மா. நல்ல குட்டி வேணும்னா நேர மேல போங்க, தண்டாயுதபாணி முதலாளி பங்களான்னு கேளுங்க. அங்க டியூக்குன்னு கடுவன் இருக்கு. சுத்தமான வழி. இந்த வருசம் பரிசே வாங்கியிருக்கு.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். மாசி மாதம் அந்தக் கூடத்தில் நான் பேசியதில் பாதியை அவரும் நம்பியிருந்தார். மறுபாதியை, முதலாளியைப் போலவே, கேட்கவில்லை.

“மதினி, கடுவன் மூலமும் அது...” என்றேன்.

“சும்மா இரு தம்பி, அவங்களுக்கு நேரமாகுது,” என்றார் மதினி. பெண்மணி நன்றி கூறிக் கண்ணாடியை ஏற்றினார். கார் வளைவில் திரும்பிப் பங்களாவை நோக்கி மேலே ஏறியது.